ஒரு நாளைக்கு மட்டும் ஒரு பெயர்

இங்கே காப்பிக் கடையில் பெயர் கேட்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு காப்பி தர வேண்டியதுதானே, பெயர் எதற்கு என்று டொரொண்டோ வந்த புதிதில் குழம்பினேன். சாமிநாதன் என்றால் கோப்பையில் பெயர் எழுதும் பெண் பேனாவோடு விழிப்பாள். பின்னால் வரிசை நிற்கும். “சாம்னு சொல்லிடுங்கப்பா” என்று மகன் வழி சொன்னான். எழுபத்தாறு வயதில் தினமும் காலையில் ஒரு காகிதக் கோப்பைக்காகச் சாம் ஆகிறேன். கோப்பையைக் குப்பையில் போட்டதும் மறுபடி சாமிநாதன். இதில் நட்டம் ஒன்றுமில்லை என்றே போன மாதம் வரை நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு ஆரன் யூதர். மனைவியை இழந்தவர், என் வயதுதான். நூலகத்தில் படம் போடுகிறார்கள் என்று என்னை அழைத்துப் போனார். சிறிய ஊருக்குக் குடிவரும் யூதக் குடும்பம் ஒன்றில் பையன் வளர்ந்து ஆளாகும் கதை. பள்ளியில் அவனை அடிக்கிறார்கள். அப்பாவின் கடைச் சுவரில் அசிங்கமாக எழுதுகிறார்கள். அதையெல்லாம் கலங்காமல்தான் பார்த்தேன். பிறகு ஒரு விருந்து. அழைத்தவர் நல்லவர், அப்பாவின் சிநேகிதர். வாசலிலேயே குரலைத் தாழ்த்தி, இன்று மட்டும் வேறு பெயர் சொல்லிக்கொள்ளுங்கள், வந்திருப்பவர்கள் ஒரு மாதிரி என்கிறார். அப்பா சிரித்துத் தலையாட்டுகிறார். பையன் அப்பாவைப் பார்க்கவில்லை. அந்தச் சிநேகிதரைப் பார்க்கிறான்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

பல வருடங்களுக்கு முன், ஊரில் எங்கள் குரும்பலூர் வீட்டில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். கல்லூரியில் என்னோடு பாடம் நடத்திய முகமது ஜாபர் விடியும் முன்பே வந்துவிட்டார். பந்தல், சமையல், உடையார்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வர வேன், எல்லாம் அவர் ஏற்பாடு. மகளை மட்டும் கூட்டி வந்திருந்தார், மனைவியை அழைத்து வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் எப்படிப் பேசுவார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால், முக்காட்டைக் காணாதது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அதுவும் போதாமல் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன்.

“ஜாபர், தப்பா எடுத்துக்காத. இன்னிக்கி ஒரு நாளைக்கி மட்டும், யாராச்சும் கேட்டா ராஜாராம்னு சொல்லிடேன்.”

அவர் கொஞ்ச நேரம் வாளித் தண்ணீரைப் பார்த்தார். “பேருதானண்ணே. நம்ம புள்ள காரியம் நல்லபடியா முடியட்டும். ஆனா ஒண்ணு, கூப்புடறப்ப திரும்ப மறந்துட்டேன்னா என்மேல பழி போடாதீங்க.”

மறக்கவில்லை. பந்தியில் தாய்மாமன், “ராஜாராம் தம்பி, இந்தப் பக்கம் கொஞ்சம் ரசம் வரட்டும்” என்றதும் வாளியோடு உடனே திரும்பினார். எதிர்வரிசையில் அவர் மகள் நசீமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு, என்னைப் பெரியப்பா என்றே அழைப்பவள். அவள் வாப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு பாதிச் சாப்பாட்டில் இலையைத் தன் பக்கம் மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தாள். சாவு வீட்டில்தான் அப்படி மூடுவோம். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை இலை போட்டுச் சாப்பிட்டவள், தெரியாமல் செய்யவில்லை. அதன்பின் அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஜாபர் எப்போதும்போல வந்தார், சிரித்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் இங்கு வந்த பிறகு இறந்துபோனார்.

படம் முடிந்து விளக்கு எரிந்தபோது ஆரன் என் கண்களைப் பார்த்துவிட்டார்.

“உங்கள் ஊரிலும் இப்படி உண்டா?”

“உண்டு. எங்கள் வீட்டிலேயே நடந்தது.”

எனக்கு நடந்தது என்று அவர் எடுத்துக்கொண்டார். வழி முழுதும் என் கையைப் பிடித்தபடி நடந்தார். நான் திருத்தவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, அவர்கள் ஓய்வுநாளுக்குச் செய்யும் பின்னல் போட்ட ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, “உங்கள் பெயரை மறைக்கச் சொன்னவர்களை நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை” என்றார். பேரப்பிள்ளைகள் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். நான் தொடவில்லை. ஜாபர் வீட்டுக்குப் போக வேண்டிய ரொட்டி அது.

அயல்நாட்டில் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாமெல்லாம் ஊருக்கு எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். இங்கே நான் என் வசதிக்காகப் பெயரைக் கழற்றி வைக்கிறேன். ஜாபர் பிறந்த மண்ணில், என் வசதிக்காகக் கழற்றினார்.

இரண்டு நாள் கழித்து ஆரன் வீட்டுக் கதவைத் தட்டினேன். “படத்தில் நான் அந்த அப்பா இல்லை. விருந்துக்கு அழைத்தவன்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.  “அவர் பெயர் என்ன?” என்றார் ஆரன். சொன்னேன். பிழை வந்துவிடக் கூடாது என்பதுபோல இரண்டு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். என் வீட்டுப் பந்தியில் ஒருவரும் சொல்லாத பெயர்.

“என்னிடம் சொல்லிவிட்டீர்கள். அந்தப் பெண்ணிடம்?”

நேற்றுக் காலை காப்பிக் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, மகளிடம் வாங்கிய எண்ணை அழைத்தேன். அங்கே மாலை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் முதலில் வந்தது, பிறகு நசீமாவின் குரல்.

“யாருங்க பேசறது?”

கையிலிருந்த கோப்பையில் சாம் என்று எழுதியிருந்தது. என் பெயரைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் ஆனதில்லை.

“குரும்பலூர் சாமிநாதன்மா.”

 போனின் அந்தப் பக்கம், எங்கள் ஊர் வழியாகத் துறையூர் போகும் பஸ்ஸுக்கு யாரோ ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இங்கே பனி விழத் தொடங்கியிருந்தது. பஸ் கிளம்பிப் போகும் சத்தத்தைக் கடைசிவரை கேட்டேன்.

“சொல்லுங்க சார்” என்றாள்.