தடம் பத்து ஆனால் மாட்டிக்கொள்வோம்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைந்திருக்கிறேன். அதற்குத் தேவைப்பட்டவை ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம், ஒரு பென்சில், ஒரு ரப்பர். கம்ப்யூட்டர் மட்டும் தேவைப்படவில்லை. நல்லவேளை. அதுவரை நான் ஒரு கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது.

திருச்சியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா பையன் அந்தக் கோடை விடுமுறைக்குப் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வந்தவன் கையில் மாம்பழமோ மிக்சரோ இல்லை. ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள்தான் இருந்தது. ஹாஸ்டலில் யாரோ யாரிடமிருந்தோ வாங்கி நகலெடுத்த ஆங்கில விளையாட்டுப் புத்தகமாம். அதில் ஐம்பது வருடம் கழித்து வரப்போகும் உலகம் இருந்தது. மழை நிற்காத நகரம், போலீஸை விலைக்கு வாங்கிய கம்பெனிகள், பிடரியில் ஒயரைச் செருகிக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் இறங்கும் திருடர்கள். எல்லாம் வாயாலேயே ஆட வேண்டியது. அண்ணன் சொல்லச் சொல்ல நாம் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அரியலூரின் மே மாத வெயிலில் மழை நிற்காத நகரம் என்று கேட்டதுமே நான் விழுந்துவிட்டேன்.

நான்தான் ஒயர் திருடன். அக்கா வேன் டிரைவர். கம்பெனி வாசலில் வேனை நிறுத்திக் காத்திருப்பது அவள் வேலை. நான் உள்ளே இரண்டு மணி நேரம் திருடுவேன். அவள் வெளியே இரண்டு மணி நேரம் காத்திருப்பாள். "இதுல எனக்கு என்னடா விளையாட்டு? ஹாரனாவது அடிக்கவா?" என்று கேட்பாள். அடிக்கக் கூடாது, அலாரம் ஆகிவிடும் என்பான் அண்ணன்.

திருடுகிற முறையை அவன் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தான். கம்பெனியின் கம்ப்யூட்டரை அடுக்கு வீடுபோல நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மேலே ஏறுவதில்லை, கீழே இறங்குவது. ஒவ்வொரு தளத்திலும் ஏதாவது ஒன்று இருக்கும். பூட்டிய கதவு, அல்லது காவல் நாய், அல்லது திருட வேண்டிய ஃபைல். நாய் என்றால் நிஜ நாய் இல்லை, கடிக்கிற மாதிரி எழுதிவைத்த புரோகிராம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நம் திறமைக்கு உள்ள எண்ணோடு பகடையில் விழுவதைக் கூட்டி அந்த எண்ணைத் தொட்டால் தாண்டிவிடலாம். தொடாவிட்டால் 'தடம்' ஒன்று ஏறும். தடம் பத்து ஆனால் நம் உடம்பு எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடும். ஜீப் வரும். பயந்துபோய் ஒயரைப் பிடுங்கி ஓடலாம் என்றால் அதற்கும் வழி வைக்கவில்லை. முறையாக ஏறி வராமல் பிடுங்கினால் வழியில் விட்டுவந்த நாயெல்லாம் ஆளுக்கொரு கடி கடிக்கும்.

பத்து முகம் உள்ள பகடை வேண்டும் என்றிருந்தது. அரியலூரில் ஆறு முகப் பகடையே தாயம் விளையாடுபவர்களிடம் கெஞ்சினால்தான் கிடைக்கும். அக்காதான் வழி சொன்னாள். "புக் கிரிக்கெட் மாதிரி புக்கைத் தொறங்கடா. கட்டைவிரல் பட்ட பக்கத்தோட கடைசி நம்பர்." அண்ணன் அசந்துபோனான். மூன்று வருட இன்ஜினியரிங்கில் அவனுக்கு அது தோன்றவில்லை. எனக்கு வேறொன்று தோன்றியது. என் சமூக அறிவியல் புத்தகத்தில் உலகப்போர் பாடத்தின் மேல் தலைவைத்து நான் ஓராண்டு தூங்கியிருக்கிறேன். திறந்தால் முக்கால்வாசி நேரம் அறுபத்தொன்பதாம் பக்கம்தான் விரியும். எடுத்தவுடன் ஒன்பது. இப்படியாக உலகத்தின் தலைசிறந்த ஒயர் திருடனாக நான் மூன்றே நாளில் உயர்ந்தேன்.

நான்காம் நாள் அண்ணன் உள்ளூர்க் கம்பெனி ஒன்றையே கொள்ளையடிக்கலாம் என்றான். எங்கள் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றில்தான் அப்பா வேலை பார்த்தார். சுண்ணாம்புக்கல் லாரிகளை எடைபோடும் மேடையில் ஆபரேட்டர். ஏழு வருடமாகக் கான்ட்ராக்ட். அந்த மாதம் நிரந்தரம் ஆகப்போகிறது என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதற்காகச் செவ்வாய்க்கிழமை கோழி சமைப்பதைக்கூட நிறுத்தியிருந்தாள்.

எடைமேடைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அப்பா அதைப் பற்றிப் பேசினால் வீட்டுக்கு வந்த புது மருமகளைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். காலையில எந்திரிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்குது, அப்புறம் பாரு சுறுசுறுப்பை, என்பார். இராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தால் அதுதான் பேச்சு. நான் கேட்கக் கேட்கச் சொன்னார். எத்தனை கம்ப்யூட்டர், எது எந்த அறையில், எந்த ஒயர் எங்கே போகிறது. பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, மேனேஜர் மகள் பெயர்தான், எல்லாருக்கும் தெரியுமே, என்று சொல்லியும்விட்டார். மகன் தன் வேலையில் இவ்வளவு அக்கறை காட்டுகிறானே என்று அவருக்குப் பூரிப்பு.

மறுநாள் திட்டம் தயாரானது. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட, ஆலையின் பெயர் அச்சிட்ட பிரிண்டர் தாளில்தான் அதை வரைந்தேன். வீணாய்ப்போன தாளை அப்பா எங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கொண்டுவருவார். என் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது: 'முதல் தளம்: கேட். இரண்டாம் தளம்: நாய். மூன்று அடியில் செத்துவிடும். மூன்றாம் தளம்: பாஸ்வேர்டு' என்று போட்டு, அந்தப் பெண்ணின் பெயர். 'நான்காம் தளம்: ஃபைலை எடு. அக்கா வேனுடன் வெளியே. தடம் பத்து ஆனால் மாட்டிக்கொள்வோம்.'

அந்தத் தாளை அடுப்படி மேடையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மகா திருடன் செய்த ஒரே தவறு. மறுநாள் காலையில் அப்பாவின் டிபன் பையில் வடையைச் சுற்ற அம்மாவுக்கு ஒரு தாள் தேவைப்பட்டது.

பதினொரு மணி இருக்கும். எதிர்வீட்டுக்காரம்மா வாசலில் நின்று கத்தினார். எங்கள் தெருவில் அவர்கள் வீட்டில் மட்டும்தான் போன். "உங்க வூட்டுக்காரர கேட்டுல நிறுத்தி வச்சிருக்காங்களாம்! பையில ஏதோ தாளு இருந்துச்சாம். செக்யூரிட்டி ஆபீசர் இங்க கெளம்பி வராராம்!"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. தடம் ஆறு. அண்ணனைப் பார்த்தேன். ஐம்பது வருடம் கழித்து வரும் உலகத்தை ஆட்டிப்படைத்த அவன் முகம் வெள்ளைத் துணிபோல இருந்தது.

"டேய், பெரம்பலூர் பஸ் எத்தன மணிக்கு?"

"ண்ணே, விட்டுட்டுப் போவாதண்ணே."

"எனக்கு வயித்த என்னமோ பண்ணுது," என்று குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான்.

தெருமுனையில் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டது. தடம் எட்டு. இந்த இடத்தில் நான் செய்ததை என் பிள்ளைகளிடம் இன்றுவரை சொன்னதில்லை. ஒயர் வழியாகத்தானே வீட்டைக் கண்டுபிடிப்பார்கள்? நாற்காலியைப் போட்டு ஏறி மெயின் பாக்ஸிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கி டவுசருக்குள் போட்டுக்கொண்டேன். கேட்டில் தாளைப் பிடித்து, அதற்கு மேலே அப்பா பெயரைக் கேட்டு, தெருப் பெயரும் கேட்டு ஜீப் ஏறி வருபவருக்கு எங்கள் வீட்டு மின்சாரம் எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. மின்விசிறி நின்றது. மாவாட்டிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது.

"எவன்டா ஃபியூஸப் புடுங்கினது? உளுந்து பாதியில நிக்குதுடா!" அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்தாள். முறையாக ஏறி வராமல் பிடுங்கினால் முதல் கடி. விதிப்புத்தகம் பொய் சொல்லவில்லை.

ஆபீசர் உள்ளே வந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். மீசை அவருக்கு ஓரடி முன்னால் நுழைந்தது. கையில் வடை எண்ணெய் ஊறிய என் திட்டம்.

"யாருடா இத எழுதுனது?"

நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

"நாய மூணு அடில கொன்னுடலாம்னு எழுதிருக்க. எந்த நாய? கேட்டுல நான் பிஸ்கட் போட்டு வளக்குறனே, அதையா?"

அக்காதான் முன்னால் வந்தாள். ஒரு வாரமாக வேனில் காத்திருந்த எரிச்சல் எல்லாம் அவள் குரலில் இருந்தது. "சார், அது கம்ப்யூட்டர் நாய் சார். பிஸ்கட் திங்காது. இது ஒரு விளையாட்டு. நம்பலேன்னா ஒக்காருங்க, காட்டுறேன்."

ஆபீசர் உட்கார்ந்தார். அக்கா சமூக அறிவியல் புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள். விதிகளை அண்ணனைவிட அழகாகச் சொன்னாள். வெளியே காத்திருப்பவர்களுக்குத்தான் எல்லாம் முழுசாகக் காதில் விழும் போலிருக்கிறது. அவர் சந்தேகமாகப் புத்தகத்தைத் திறந்தார். அறுபத்தொன்பது.

"ஒம்போது சார்! கேட்டு தொறந்துடுச்சு!"

"தொறந்துடுச்சா?" மீசை லேசாக அசைந்தது. "அடுத்தது என்ன, நாயா? அடிக்காம தாண்ட முடியாதா?"

"ஏமாத்திட்டுப் போலாம் சார். ஆனா எட்டுக்கு மேல விழணும்."

மறுபடி திறந்தார். பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. இரண்டு. "தடம் ஒண்ணு சார்," என்றேன், என்னையும் மீறி. என் குரல் திரும்பி வந்திருந்தது. ஆபீசர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அடுத்து மூன்று. தடம் இரண்டு. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு புத்தகத்தைப் படாரென்று விரித்தார். அறுபத்தொன்பது. "போடு!" என்று தொடையில் தட்டினார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப்பார்த்தாள். குளியலறைத் தாழ் மெல்ல விலகி, அண்ணனின் ஒற்றைக் கண் தெரிந்தது. மின்விசிறி இல்லாத அந்த அறையில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. நான் குதித்துக்கொண்டிருந்தேன். டவுசருக்குள் ஃபியூஸ் தொடையில் இடித்தது.

"மூணாவது தளம்," என்றார் ஆபீசர். எண்ணெய்த் தாளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இது வெளையாட்டு. சரி. ஆனா இங்க எழுதிருக்கிற பாஸ்வேர்டு நெசம். இத உனக்கு யாரு சொன்னா?"

அப்பா பெயரைச் சொன்னால் ஏழு வருடம் போச்சு என்று எனக்கே தெரிந்தது. ஒருவேளை என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் தெரிந்தது அதுதான். விரிப்பதற்குக் கையில் புத்தகம்கூட இல்லை.

"யாரும் சொல்லல சார். நானாதான் கண்டுபுடிச்சேன்."

"எப்படி?"

"பெரியவங்க எல்லாரும் புள்ளைங்க பேரத்தான சார் வைப்பாங்க. மேனேஜர் பொண்ணு பேரு ஊருக்கே தெரியும்." பயத்தில் வாய் நிற்கவில்லை. "ஒங்களுதும் ஒங்க புள்ள பேருதான சார்?"

ஆபீசர் எழுந்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"உங்கப்பா எங்கிட்ட வேற மாதிரி சொன்னாருடா."

பாவம், அப்பாவுக்கு விளையாட்டின் விதிகள் சரியாகத் தெரியாது, ஏதோ உளறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். "அவருக்கு இதெல்லாம் புரியாது சார்," என்றேன். ஆபீசர் என் தலையில் கைவைத்து ஒரு அழுத்து அழுத்தினார். "ஃபியூஸ மாட்டுடா மொதல்ல. உங்கம்மா மாவு புளிச்சிடப் போவுது."

அந்த மாதக் கடைசியில் அப்பா நிரந்தர ஆணையோடு வந்தார். அம்மா கோழி அடித்தாள். நானோ என் வாய்த் திறமையால் ஒரு குடும்பத்தையே காப்பாற்றிய களைப்பில் இரண்டு ஈரல் துண்டு கூடக் கேட்டு வாங்கித் தின்றேன். பெரம்பலூருக்குக் கிளம்பிய அண்ணனிடம், பொய்யென்றால் இப்படிச் சொல்ல வேண்டும் என்று பாடம்கூட எடுத்தேன்.

அதன்பிறகு அப்பா சோற்றின்போது வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. நிரந்தரம் ஆனவர்கள் கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாதுபோல என்று நானே முடிவு செய்து, பள்ளியிலும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஆனாலும் எனக்கு அந்தக் கம்ப்யூட்டரின் மேல் பிரியம் போகவில்லை. "எப்படிப்பா இருக்கு?" என்று அடிக்கடி கேட்பேன். "நல்லா இருக்குடா," என்பார். "ஸ்பீடா இருக்கா?" என்பேன். "ஸ்பீடுதான்," என்று சொல்லிவிட்டுத் தட்டில் கைகழுவுவார்.

இரண்டு வருடம் இப்படியே கேட்டேன். அவரும் இப்படியே சொன்னார். தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போது அவர் சட்டையிலும் புருவத்திலும் சணல் நார் ஒட்டியிருக்கும். எடைமேடையில் சணல் ஏது, அது ஆலையின் சாக்குக் குடோனில்தானே இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் தட்டிவிட்டுக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.