கதிரேசன் வீட்டுக்குள் போகும் கோடு

ஆற்றுப் படுகை நீளமா, வட்டமா, அதில் விழுந்த மழை எந்த வழியாக வடியும் என்று மதுரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கோடு போடுவதுதான் என் பிழைப்பு. இதே திரையைப் பார்த்துக் கண் பூத்துப்போன சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

பள்ளம் நிரப்புதல்

கோடு போடுவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. உயர வரைபடத்தில் உள்ள பள்ளங்களையெல்லாம் பிழை என்று சொல்லி மென்பொருள் நிரப்பிவிடும். இல்லாவிட்டால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும், கணக்கு நகராது. நம் பக்கம் பள்ளம் என்றால் கண்மாய்தானே? யோசிக்காமல் பொத்தானை அமுக்கிவிட்டேன். வைகைக்குத் தெற்கே ஒரு கண்மாய் மிச்சமில்லை. பக்கத்து நாற்காலி சர்வேயர் கதிரேசன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"ஊரே சேந்து மண்ணடிச்சு மூடுனத, ஒத்த அமுக்குல முடிச்சுட்டீங்களேண்ணே."

அழியாத கோடு

கண்மாய்களை மறுபடி சேர்த்துக் கணக்கை ஓட்டினேன். வில்லாபுரத்துக்குத் தெற்கே புது பிளாட்டுகளின் குறுக்கே, தண்ணீர் ஓடும் வழி என்று ஒரு நீலக்கோடு வந்தது. அங்கே வாய்க்கால் எதுவும் இல்லை. கதிரேசன் வீடு கட்டிக் குடிபோன இடம் அது. அவன் மனைவி சுதா மாசமாக இருந்தாள். வேறு செயற்கைக்கோள் தரவை வைத்து ஓட்டினேன். கோடு அதே வீட்டுக்குள்தான் நுழைந்தது. "பெரிய ஓடைய மட்டும் காட்டச் சொல்லுங்கண்ணே" என்றான். ஓடை என்று காட்ட இவ்வளவு தண்ணீராவது சேர வேண்டும் என்ற அளவைக் கூட்டக் கூட்டச் சுற்றியிருந்த கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன, இது மட்டும் நின்றது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"எல்லாம் போயிருச்சு. இது மட்டும் ஏண்ணே என் வீட்டுக்கே வருது?"

ஈரம்

மறுவாரம் பட்டப்பகலில் அவன் வீட்டுக்குப் போனோம். மழை பெய்து மாசக்கணக்காகியிருந்தது, தெருவில் புழுதி பறந்தது. போனில் வரைபடத்தைத் திறந்து, வீட்டுக்குள் கோட்டின் மேலேயே நடந்தேன். போன் அவ்வளவு துல்லியமாகக் காட்டாது என்று உங்களுக்கே தெரியும், அன்றைக்குக் காட்டியது. ஹாலைத் தாண்டிப் படுக்கையறை வரை, என் கால் போன இடமெல்லாம் டைல்ஸ் இடுக்கில் ஈரம் கசிந்து கறுத்திருந்தது. ஒரு சாண் தள்ளினால் காய்ந்த தரை.

"எம்புட்டுத் தொடச்சாலும் வருதுண்ணே. படுத்தா அடியில யாரோ நடந்து போற மாதிரி இருக்கு" என்றாள் சுதா. விற்றுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். யார் தலையில் கட்டுவது? கதிரேசன் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். சுதா என் போனை வாங்கி அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பிள்ளைக்குத் தொட்டில எங்குட்டுக் கட்டலாம்னு இதப் பாத்து நீங்களே சொல்லுங்கண்ணே."

தண்ணீர் எங்கே போகும் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். எங்கே போகாது என்று அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.