கழற்றி வைத்த கழுத்துப்பட்டை

நான் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். கிருமி என்றால் விடமாட்டேன். எங்கள் நாய் டைகருக்கு உண்ணி பிடித்ததும், கழுத்துப்பட்டையைக் கழற்றி லைசென்ஸ் வில்லையோடு பினாயிலில் ஊறப்போட்டேன். கதவைச் சாத்த மறந்ததால் டைகர் தெருவுக்கு ஓடியது. கழுத்தில் வில்லை இல்லையென்று நாய் வண்டிக்காரர்கள் பிடித்துப் போய்விட்டார்கள்.

வில்லையை எடுத்துக்கொண்டு நாய்களை அடைக்கும் கொட்டடிக்கு ஓடினேன். டைகர் உயிரோடு இருந்தது. அதே கூண்டில் ஒரு செவலை நாயும் இருந்தது. பட்டை உராய்ந்து அதன் கழுத்தைச் சுற்றி ரோமமே இல்லை.

"இதுவும் வீட்டு நாய்தானே?" என்று காவல்காரரைக் கேட்டேன்.

"ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊரை வுட்டுப் போனவங்க வுட்டுட்டுப் போனதும்மா. இன்னா, ரெண்டையும் இஸ்துகினு போறியா? சாயங்காலம் வரிக்கும்தான் டைம் கீது. அப்பாலிக்கா கொன்னுடுவாங்கோ."

"அப்பாவைக் கேட்டுட்டு வரேன்."

டைகரை மட்டும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா உடனே சரியென்றார். நான் கொட்டடிக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது; காலியான கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது குளிப்பாட்டும்போதும் பட்டையைக் கழற்றுவதில்லை. எங்காவது தொலைந்தால் தெரியட்டுமென்று டைகரின் அடையாளங்களை எழுதி அக்கம்பக்கத்து வீடுகளில் கொடுத்திருக்கிறேன். ஊர் திரும்பும் குடும்பங்களைப் பார்த்தால், செவலை நாய் வளர்த்தீர்களா என்று கேட்க வாயெடுக்கிறேன். இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.