டிபன் கேரியரின் அடித்தட்டு

பரண் மேல் கிடந்த பழைய டிபன் கேரியரை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் போன வாரம் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அம்மே, இதெந்தா சாதனம்? அடித்தட்டுல துணி சுத்தி ஒரு இரும்பு கெடக்கு. பழைய இரும்பு வாங்கற ஆக்ரிக்காரன் வந்தா கொடுத்துரட்டா?" அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். இந்த வயதில் நான் ஓடுவதைப் பார்த்து அவள் பயந்தே போனாள். "வையடி அதை! யார் உன்னைத் தொடச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அது ஒரு துப்பாக்கியின் போல்ட்டு. கதவுத் தாழ்ப்பாள் போலப் பிடி வைத்த இரும்பு உருளை. பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் தோட்டா ஏறும், திருப்பினால் பூட்டிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட துப்பாக்கியும் உலக்கைதான். கொச்சி சுள்ளிக்கல்லில் ஒரு கிழவியின் சமையலறைக்கு அது எப்படி வந்தது என்றால், அவில்தாரேட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளின் பின்பாதியில் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகு, சுக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். பொம்பளைப் பிள்ளை வேலைக்குப் போவதை எங்கள் உறவில் பாதிப் பேர் ஏசினார்கள், மீதிப் பேர் என்னிடம் அவசரத்துக்குக் கைமாற்று கேட்டார்கள். கம்பெனியின் முன்வாசல் பஜார் ரோட்டில், பின்வாசல் காயலில். பின்னால் வள்ளங்கள் வந்து மூட்டை ஏற்றிப் போகும். முன்வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் காவற்காரர். பட்டாளத்தில் அவில்தாராக இருந்து வந்தவர், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழர். பேச்சில் பாதி மலையாளம் கலந்து வரும். முதலாளி ஒருவரைத் தவிர, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் முதல் சாயா கொண்டுவருபவன் வரை எல்லோருக்கும் அவர் அவில்தார் அண்ணன், அதாவது அவில்தாரேட்டன்தான். மனைவி எப்போதோ இறந்துவிட்டாள். ஒரே மகன். அவனைக் குளிப்பாட்டி, கஞ்சி வைத்துக் கொடுத்து, தனி ஆளாக வளர்த்தவர். மகன் வளர்ந்து எங்கள் கிடங்கிலேயே மூட்டை தூக்க வந்தான்.

அவர் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்து முதல் நாளே நான் சிரித்துவிட்டேன். அத்தனை குட்டை. அவரோ ஆறடி ஆள். "என்ன அவில்தாரேட்டா, இது துப்பாக்கி போட்ட குட்டியா?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாக விளக்கினார். முன்பு கம்பெனி வெள்ளைக்காரனிடம் இருந்தபோது அவன் கிடங்குக் காவலுக்கென்றே வரவழைத்த ரைபிள் அது. போல்ட்டு இழுத்துச் சுடுகிற ரைபிள்தான். ஆனால் அதற்குப் போடுவது கைத்துப்பாக்கித் தோட்டா, சுண்டுவிரல் நுனி அளவு. "பெரிய ரைபிள் வெடிச்சா குண்டு பலகையைத் துளைச்சு, காயல்ல வள்ளத்துல இருக்கறவனையும் கொண்டு போகும் மோளே. இது மூட்டைக்குள்ள நின்னுடும்" என்றார். தோட்டா சின்னது என்பதால் போல்ட்டும் சின்னது, துப்பாக்கியும் சின்னது. ஆனால் மனுஷன் மேல் பட்டால் அவன் சாவதற்கு அது போதும் என்பதையும் அவரேதான் சொன்னார். தோட்டாக்கள் முதலாளியின் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தன. நான் சேர்ந்த பிறகு ஒரு தடவைகூட அவை வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் துப்பாக்கியைத் துடைப்பார். சின்ன வயதிலிருந்தே மகனும் பக்கத்தில் உட்காருவானாம். போல்ட்டைக் கழற்றி எண்ணெய் போடுவது அவன் பங்கு. வளர்ந்து மீசை முளைத்த பிறகும் அந்த வேலையை அவன் விடவில்லை. "கண்ணைக் கட்டிட்டுக் கொடுத்தாலும் இவன் போல்ட்டு மாட்டும்" என்று அவில்தாரேட்டன் பெருமையடித்துக்கொள்வார். அவன் வெட்கப்பட்டு, "சும்மா இரிங்க அச்சா" என்பான். அப்பனும் மகனும் அதிகம் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு அந்த எண்ணெய்த் துணியே போதுமாக இருந்தது.

அந்தக் காலத்தில் துறைமுகக் கரையில் வேலை கிடைப்பதே ஒரு கேவலமான விளையாட்டு. காலையில் சாப்பையை, அதாவது உலோக வில்லைகளை, கூட்டத்துக்கு நடுவே விட்டெறிவார்கள். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை. மூக்கு உடைந்தவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் முதலாளியும் அதையே தன் கிடங்கில் கொண்டுவரப் பார்த்தார். சுமட்டுக்காரர்கள் ஒட்டுமொத்தமாக வேலையை நிறுத்திவிட்டார்கள். முன்னால் நின்றவன் அவில்தாரேட்டனின் மகன். கப்பல் வந்து காத்திருந்தது. முதலாளி அக்கரையிலிருந்து வேறு ஆட்களை வள்ளத்தில் வரவழைத்தார். மூட்டை ஏறவிடாமல் தடுக்கப் பழைய ஆட்கள் வாசலுக்குக் கூட்டமாக வரப்போகிறார்கள் என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது.

முதலாளி திருநெல்வேலிச் சீமைக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கணக்குப் போடுகிறவர், அவ்வளவுதான். என் மேஜைக்கு முன்னால் வைத்துத்தான் அவில்தாரேட்டன் கையில் தோட்டாக்களைக் கொடுத்தார். "இத்தன வருசம் சும்மா தூக்கிட்டு அலைஞ்சீரு. இன்னைக்கு அதுக்கு வேலை வந்திருக்கு வே. உள்ள கால் வச்சான்னா சுட்டுரும்." அவில்தாரேட்டன், "கூட்டத்துல என் மகன் உண்டு முதலாளி" என்றார். "தெரியும்லா. அதான் ஒம்மள நிப்பாட்டுதேன். பெத்த தகப்பன் மேல எவன் கல்லெறிவான்? ஒம்மால முடியாதுன்னா சொல்லும், என் மருமவன் நிக்கட்டும்." முதலாளியின் மருமகனுக்கு வேட்டைப் பைத்தியம். காக்காயைக்கூட விட்டுவைக்காத ஆள், அப்போது பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவில்தாரேட்டன் அந்த இளைஞனை ஒரு பார்வை பார்த்தார். "வேண்டா. ஞான் நின்னோளாம்" என்று, தானே நிற்பதாகச் சொல்லிவிட்டுத் தோட்டாக்களைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில், நாங்கள் சாப்பிடுகிற பின்னறைக்கு என்னைக் கூப்பிட்டார். "மோளே, கேரியரைத் தொற. அடித்தட்டுச் சோத்தை மேல் தட்டுக்கு மாத்து." எதற்கு என்று நான் கேட்டு முடிப்பதற்குள் போல்ட்டை உருவிக் கையில் வைத்திருந்தார். "ஐயோ, சோத்துப் பாத்திரத்துலயா! எண்ணெய் நாறுமே" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு என் பாத்திரத்தைப் பற்றித்தான் கவலை! "நாறட்டும். ஆள் சாவாதில்லே?" என்று துணியில் சுற்றி அடித்தட்டில் வைத்தார். சின்ன போல்ட்டு, கச்சிதமாக அடங்கியது. "நான் மாட்டேன்னு சொன்னா மத்தவன் வந்து நிக்கும். அவன் வெடிக்கும். இப்ப நான் நின்னா ஒரு பயலும் வெடிக்க மாட்டான்" என்றார். கேரியரை மாடிக்குக் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். ஈசுவரா, அவருக்கு எண்ணெய் வாசனை வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் வந்தது. முழக்கம் பஜார் முழுக்க எதிரொலித்தது. ஏற்கெனவே ஒருமுறை கரையில் துப்பாக்கி வெடித்து ஆட்கள் செத்த ஊர் அது. குட்டைத் துப்பாக்கி நிமிர்ந்ததும் பின்வரிசைகள் தயங்கின. முன்வரிசை மட்டும் வந்துகொண்டே இருந்தது. மகன் நடுவில். அவில்தாரேட்டனின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. துப்பாக்கி மகனின் நெஞ்சுக்கு நேரே இருந்தது. போல்ட்டு இருக்க வேண்டிய இடத்தை வலது உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தாராம். மகன் வாசல்படியில் ஒரு காலை வைத்தான். அப்போது அவர் வலது கையை மெல்ல எடுத்தார். மகன் அப்படியே நின்றான். ஒரு நொடி. பிறகு காலை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். அவன் போனதும் மற்றவர்களும் கலைந்தார்கள். "பாத்தியா, எப்படிப் பயந்துட்டு ஓடுதானுவ!" என்று முதலாளி தொடையைத் தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து எனக்குச் சோடா வரவழைத்துக் கொடுத்தார்.

மூட்டை ஏறியது, கப்பல் போனது, வேலைநிறுத்தம் முறிந்தது. மத்தியானம் போலீஸ் வந்து, கலவரம் அடங்கும்வரை ஸ்டேஷனில் இருக்கட்டும் என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய ஏட்டு பின்னால் இருந்த ஓட்டையைப் பார்த்தார், அவில்தாரேட்டனைப் பார்த்தார், துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்தார். முதலாளி அதைத் திரும்பக் கேட்கப் போகவில்லை, லைசன்ஸையும் புதுப்பிக்கவில்லை. தோட்டாக்கள் அலமாரிக்குத் திரும்பின. மறுநாள் நான் போல்ட்டை நீட்டியபோது, "அது உன் கையிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். வெளியில் தெரிந்தால் அவர் வேலை போகும், சோறும் போகும். ஆகவே என் வீட்டாரிடம்கூட நான் வாய் திறக்கவில்லை.

மகன் அந்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டான். அப்பனைக் கண்டதும் வாலைச் சுருட்டியவன் என்று கூட்டாளிகள் காறித் துப்பியதாகக் கேள்வி. பம்பாய் என்றார்கள், கப்பலில் சமையல் என்றார்கள். கடிதம் இல்லை, ஒரு தகவலும் இல்லை. அவில்தாரேட்டன் கையில் ஒரு பிரம்போடு அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எப்போது பேச்சு வந்தாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார். "அவன் கண்டு மோளே. அவன் காணட்டும்னுதான் நான் கையை எடுத்தேன். போல்ட்டு இல்லைன்னு கண்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மொத்தக் கூட்டமும் என்னை மிதிச்சிட்டு உள்ள போயிருக்கும். சொல்லல. பேரு கெட்டுப்போனாலும் சரின்னு அப்பனைக் காத்தான்." சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும். ஊர்க்காரர்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுத்தான் போயிருக்கிறான், அவர்கள் கோபம் ஆறினால் வருவான் என்பது அவர் நம்பிக்கை. நானும் நம்பினேன். ஞாயிறுதோறும் எண்ணெய் போட்டு மாட்டினவனுக்குத் தெரியாமலா போகும்? அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டே அவர் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தார். அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகன் வந்தான். யார் மூலமோ செய்தி போயிருக்கிறது. அந்த வயதிலேயே தலை பாதி நரைத்திருந்தது. அப்பாவின் டிரங்குப் பெட்டியை எடுக்க வந்தவன், கம்பெனியில் பழைய ஆள் நான் ஒருத்திதான் என்று என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். காப்பி கொடுத்தேன். குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இத்தனை வருஷம் ஒரு கடுதாசி போடக் கூடாதா? உன்னை நினைச்சு நினைச்சே மனுஷன் போய்ச் சேர்ந்தார்" என்று கேட்டேவிட்டேன்.

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். "என்னைக் கொல்லத் துணிஞ்ச ஆளுக்கு நான் என்ன எழுதணும் சேச்சி?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவனே சொன்னான். "படியில கால் வச்சப்ப கையை எடுத்தார். போல்ட்டை இழுக்கப் போறார்னு தெரிஞ்சுது. அந்தக் கை அடுத்து என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதா? ஒரு ஆளு, முதலாளிக்காக சொந்த மகனை..."

நான் எழுந்து போய் கேரியரைக் கொண்டுவந்து, அடித்தட்டைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். "அன்னைக்குக் காலையிலயே இது இங்க வந்துட்டுது. அவர் கையில இருந்தது வெறும் கட்டை. நீ பார்த்துட்டேன்னு நெனச்சுத்தாண்டா அவர் செத்தார். என் மகன் என்னைக் காத்தான்னு சொல்லிச் சொல்லியே செத்தார்."

அவன் போல்ட்டைக் கையில் எடுத்தான். எடுத்த மாத்திரத்தில் அவன் விரல்களுக்கு அது தெரிந்துவிட்டது. வெகுநேரம் உருட்டிக்கொண்டே இருந்தான். நான் தாங்க மாட்டாமல் கேட்டேன், "உனக்கு எப்படிடா தெரியாமப் போச்சு? நீதானே இதுக்கு எண்ணெய் போடுவே?"

"நான் துப்பாக்கியைப் பாக்கல சேச்சி" என்றான். "அச்சன் மொகத்தைத்தான் பாத்தேன்."

பிறகு அவன் கேட்டது ஒன்றே ஒன்று. கொஞ்சம் எண்ணெயும் ஒரு துணியும். தையல் மிஷினுக்கு வைத்திருந்த எண்ணெயைக் கொடுத்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதைத் துடைத்து எண்ணெய் போட்டான். கண்ணீர் அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது, அவன் அதைத் துடைக்கவில்லை. முடித்ததும் துணியில் சுற்றி அடித்தட்டில் வைத்து மூடினான். எடுத்துக்கொண்டு போ என்று எவ்வளவோ சொன்னேன். "அச்சன் உங்க கையில தந்தது. அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டான். பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

அந்த முகத்தை நானும் பார்க்கவில்லை. மாடியிலிருந்து எனக்கு முதுகுதானே தெரிந்தது. மகன் உள்ளே வந்துவிடக் கூடாதே, மருமகன் பின்னாலிருந்து வந்து துப்பாக்கியைப் பிடுங்கிவிடக் கூடாதே என்று பயந்து இறுகிப்போன முகமாகத்தான் இருந்திருக்கும். அதைத்தான் அவன் கொலைகாரனின் முகம் என்று படித்திருக்கிறான். இதை அவனிடம் அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் என்ன, அப்பனா திரும்பி வரப்போகிறார்?

போன வாரம் அந்த வேலைக்காரப் பெண்ணிடம் கத்தியதற்குப் பிறகு சமாதானமாக ஒரு டம்ளர் சாயா போட்டுக் கொடுத்தேன். "இது எதுக்காம்மே உபயோகம்?" என்று விடாமல் கேட்டாள். "ஒண்ணுக்கும் இல்லை" என்றேன். துணியைப் பிரித்துப் பார்த்தேன். பிடியின் ஓரத்தில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டு வரச் சொன்னேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.