எலும்புப் புராணம்

ஜெயரத்தினத்தை எங்கள் சந்தில் எல்லாரும் டிரெஸ்ஸர் ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் டிரெஸ்ஸர் இல்லை. ஆஸ்பத்திரிச் சாமான் அறையில் இருந்தார். கட்டுத் துணி, பஞ்சு, கார்பாலிக் மருந்துப் போத்தல், படுக்கை விரிப்பு எல்லாம் அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று மருந்து கொடுப்பதும் டிரெஸ்ஸரின் வேலை. அந்த வேலைக்கு வகுப்பில் படித்துத் தேற வேண்டும். இவர் படித்தார், தேறவில்லை.

நான் அதே ஆஸ்பத்திரியில் தாதி. வார்டில் எங்களை மிஸ்ஸி என்பார்கள். சிங்கப்பூரில் செரங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரே மாடியில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த வீடு, நடுவில் பலகைச் சுவர். அந்தச் சுவர் எதையும் மறைக்காது. ஆகையால் நான் சொல்லப்போகிறவற்றில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி காதால் கேட்டது.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், அவர் டிரெஸ்ஸர் வகுப்பில் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் மாதம் ஊரில் கலியாணப் பேச்சு நடந்தது. பேசி முடித்தவர் மாப்பிள்ளை சிங்கப்பூரில் டிரெஸ்ஸர் என்று சொல்லிவிட்டார். கலியாணத்துக்குள் அது உண்மையாகிவிடும் என்று ஜெயரத்தினமும் சும்மா இருந்தார். எலும்புப் பரீட்சை அவரை விடவில்லை. மற்ற எல்லாவற்றிலும் தேறி, எலும்பில் மட்டும் இரண்டு தடவை தோற்றார். ஆளைத் துரத்த மனமில்லாமல் சாமான் அறையில் உட்கார்த்தி வைத்தார்கள். மனைவி இராசேஸ்வரி கப்பலில் வந்து இறங்கினாள். அவளிடம் சொல்ல அவருக்கு நல்ல நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. பதினேழு வருஷம் போய்விட்டது.

சந்தில் யாருக்காவது கட்டி வந்தால் அவரிடம்தான் போவார்கள். கட்டு அழகாகப் போடுவார், துணியோடு புழங்கிய கை அல்லவா. அதற்கு மேலே எது வந்தாலும் முகத்தைச் சுருக்கி, இதை டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்பார். இவ்வளவு பொறுப்பான டிரெஸ்ஸரா என்று மரியாதை இன்னும் கூடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மாசியில் மாமனாரின் கடிதம் வந்தது. மாமனார் சுப்பிரமணியம் ஊரில் பெரிய மனிதர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டதாம். கொழும்பிலேயே அறுத்துவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னார்களாம். சொந்த மருமகன் டிரெஸ்ஸராக இருக்கும் ஆஸ்பத்திரி இருக்கும்போது அந்நியன் கையில் கண்ணைக் கொடுப்பானேன் என்று எழுதியிருந்தார். ஆனி மாதக் கப்பலில் வருகிறார். கட்டவிழ்ப்பதும் கட்டுவதும் மருமகன் கையால்தான் நடக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஜெயரத்தினம் பெரிய டாக்டரின் அறை வாசலில் நின்றார். நாற்பத்தொரு வயதில் மறுபடி வகுப்பில் உட்கார அனுமதி கேட்டார். டாக்டர் பழைய பதிவைப் புரட்டிப் பார்த்தார். எலும்பு மட்டும்தான் பாக்கி, மூன்றாம் தடவைதான் கடைசித் தடவை, வைகாசிக் கடைசியில் வாய்ப் பரீட்சை என்று சொல்லி அனுப்பினார். தேறாவிட்டால் மாமனார் வந்து இறங்கும்போது மருமகன் பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்.

சாயங்காலம் நாலரைக்கு வகுப்பு. பதினான்கு பேர், எல்லாரும் பதினெட்டு, பத்தொன்பது வயது. ரவூப் என்கிற நாகூர்க்காரப் பையன் முதல் நாளே எழுந்து நின்று, வாத்தியார் வந்துவிட்டார் என்று இவருக்கு வணக்கம் சொன்னான். பிறகு பெரியப்பா என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மண்டையோட்டை இவர் மடியில் வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். இவர் பொறுத்துக்கொண்டார். எலும்பு மனசில் நிற்கவில்லை என்பதுதான் கவலை. இருநூற்றாறு எலும்பு, எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் பெயர். காலையில் படித்தது மத்தியானம் இல்லை.

சின்ன வயதில் அவர் தலைக்குள் ஒழுங்காக ஏறியது ஒன்றுதான், புராணப் படிப்பு. அவர்கள் ஊர்க் கோவில்களில் அதை இரண்டு பேராகச் செய்வார்கள். ஒருவர் பாட்டை ராகத்தோடு படித்து நிறுத்துவார். மற்றவர் அதற்குப் பயன் சொல்லுவார், அதாவது அர்த்தம். அர்த்தம் முடிந்ததும் முதல் ஆள் அடுத்த பாட்டுக்குப் போவார். படிக்கிறவர் பயன் சொல்லக் கூடாது, பயன் சொல்கிறவர் படிக்கக் கூடாது. ஜெயரத்தினம் பதினைந்து வயது வரைக்கும் படிக்கிற ஆள்.

ஆகவே எலும்புகளைப் புராணமாக்கினார். புராணம் தொடங்குகிற காப்பு உச்சந்தலையில், முடிகிற வாழி கால் பெருவிரலில். "பாதம் ஏழில் பெரியவன், குதியில் குந்தும் ஆஸ் கால்சிஸ்" என்று நீட்டி இழுப்பார். குதிகால் எலும்புக்கு அப்போது அதுதான் பெயர். வீட்டில் இராசேஸ்வரியிடம், மாமாவின் கண்ணுக்காக ஒரு நேர்த்திக்கடன், தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் புராணம் படிக்கப் போகிறேன் என்று சொன்னார்.

அவள் மிகவும் சந்தோஷப்பட்டாள். எலும்புப் புத்தகத்தைப் பட்டுத் துணியில் சுற்றி மணைமேல் வைத்தாள். குத்துவிளக்கு ஏற்றினாள். கதவுக்கு வெளியே கோலம் போட்டாள். பிறகு, புராணம் படிக்கிற வீட்டில் மச்சம் புழங்கப்படாது என்று சொல்லி மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்து ஆளுக்கு மீன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் அந்த மூன்று மாதமும் பார்த்தேன். வாரத்துக்கு நாலு நாள் சுறா வறை சாப்பிட்டவர் பூசணிக்காயையும் பருப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டாங் கெர்பாவ் பக்கத்திலிருந்து நான் திருக்கை மீன் வாங்கி வந்து பொரித்தால், சுவருக்கு அந்தப் பக்கம் ராகம் நின்றுவிடும். நான் வேண்டுமென்றே பொரித்தேன் என்று பிற்பாடு குற்றம் சாட்டினார். சில நாள் வேண்டுமென்றேதான்.

படிப்பு தொடங்கிய இரண்டாம் வாரம் இராசேஸ்வரி என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மிஸ்ஸி, மனுசன் முழங்காலில நிண்டு போனார். ஒருக்கா கீழ இறக்கி விடுங்கோ."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பே இல்லை. அவர் டிரெஸ்ஸர் இல்லை என்று கலியாணமாகி வந்த முதல் வாரமே தெரியும் என்றாள். அவள் தமையன் ஊரில் டிரெஸ்ஸராம். அவன் சட்டை எத்தனை தடவை துவைத்தாலும் கார்பாலிக் நாறுமாம். இவர் சட்டையில் வந்ததெல்லாம் சாக்கு நாற்றம்தான்.

"அப்ப தெரியும்னு சொல்லிட வேண்டியதுதானே அக்கா? பாவம், மீனாவது சாப்பிடுவார்."

"சொன்னால் படிக்கமாட்டார். என்னை ஏமாத்த வேணும் எண்டால்தான் அந்த மனுசனுக்குச் சுறுசுறுப்பு வரும். மீனை நிப்பாட்டினது, பதினேழு வருசத்துக்கு நான் எடுக்கிற வட்டி."

பயன் சொல்ல ஆள் இல்லாததால்தான் அவர் தடுமாறுகிறார் என்பதையும் அவளே கண்டுபிடித்திருந்தாள். மறுநாளிலிருந்து அவர் ஒரு அடி படித்து நிறுத்துவார். நான் இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அந்த எலும்பு எதோடு சேருகிறது, எந்தத் தசை அதில் பிடித்திருக்கிறது என்று சொல்லுவேன். அவர், ஆமாம் என்பதற்கு ஊர் வழக்கில் ஓம் ஓம் என்று சொல்லி அடுத்த அடிக்குப் போவார். மிஸ்ஸி ஏன் புராணத்துக்குப் பயன் சொல்கிறாள் என்பதற்கு இராசேஸ்வரியிடம் அவர் என்ன கதை சொல்லி வைத்திருந்தாரோ, அவள் நம்பினது போலவே உட்கார்ந்து கையைக் கூப்பிக்கொண்டு கேட்டாள்.

கீழே கடை வைத்திருந்த அப்துல் அஜீஸ், ஐயா ஓதுகிற நேரம் என்று சொல்லி, தன் கடையில் சத்தமாகப் பேரம் பேசுகிறவர்களை வெளியே அனுப்பினார். கோவில்காரர்கள் மூன்று தடவை வந்து, கோவிலில் ஒரு நாள் படிக்க வேண்டும் என்று கேட்டார்கள். இவர் கும்பிட்டு மறுத்தார். அடக்கமான மனிதர் என்று பேர் வந்தது.

இப்படியே மூன்று மாதத்தில் இருநூற்றாறும் ஏறிவிட்டது. ஒரு சங்கடத்தை மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. புராணத்தை நடுவிலிருந்து தொடங்க முடியாது.

வாய்ப் பரீட்சை அன்று எலும்புத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை எனக்கு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார டாக்டர். இருபது வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். ரவூப் உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தான். அடுத்து ஜெயரத்தினம். டாக்டர் தட்டில் கையை விட்டு ஒரு எலும்பை எடுத்து நீட்டினார். குதிகால் எலும்பு. புராணத்தின் வால் அது.

இது என்ன என்று கேட்டார் டாக்டர்.

ஜெயரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசையத் தொடங்கியது. காப்பிலிருந்து வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மண்டை போயிற்று, தாடை போயிற்று. டாக்டர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். கழுத்து, விலா, தோள், இரண்டு கை. டாக்டர் பேனாவால் மேசையைத் தட்டினார். உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்.

ஜெயரத்தினம் கண்ணைத் திறக்காமலே, மரியாதையான இங்கிலீஷில், இல்லை சார், வந்துகொண்டிருக்கிறேன், இப்போது இடுப்பில் இருக்கிறேன் என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

தொடை, முழங்கால், கணைக்கால். அங்கே வந்ததும் குரல் தானாக ஏறிவிட்டது. வெள்ளைக்காரர் முன்னால், முழு ராகத்தோடு, "பாதம் ஏழில் பெரியவன், குதியில் குந்தும் ஆஸ் கால்சிஸ்" என்று பாடி நிறுத்தினார். பிறகு கண்ணைத் திறந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, டாக்டரையே பார்த்தார்.

எனக்கு அந்தப் பார்வை தெரியும். மூன்று மாதமாகப் பலகைச் சுவர் பார்த்த பார்வை அது. படித்தாகிவிட்டது, இனிப் பயன். அந்த எலும்பில் என்ன பிடித்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நாற்பது தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் பயன் சொல்வது அவர் முறை இல்லை. அந்தச் சங்கதி நாக்கு நுனியில் நிற்க நான் வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

இருபது வருஷம் சொல்லிக் கொடுத்த மனிதரால் அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியவில்லை.

ஆமாம், ஆஸ் கால்சிஸ் சரிதான் என்றார் டாக்டர். கெண்டைக்காலின் பெரிய தசைநாண் இதோ இங்கேதான் வந்து பிடிக்கிறது, மேலே இது இந்த எலும்போடு சேருகிறது என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். ஜெயரத்தினம் ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று தலையை ஆட்டினார். நன்றாகப் பயன் சொல்கிறவருக்குக் கோவிலில் ஆட்டுவார்களே, அப்படி. டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்து கழுத்தடியில் இருக்கும் காறையெலும்பை எடுத்தார். அது மேலே இருப்பதால் இவர் சீக்கிரம் வந்து சேர்ந்தார். பெயரை இவர் சொன்னார், மீதியை டாக்டர் சொன்னார். ஆறு எலும்பு இப்படியே நடந்தது. நிதானமான ஆள், ஆனால் அடியோடு தெரிந்து வைத்திருக்கிறார் என்று டாக்டர் எழுதியதை நான் தட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ஜெயரத்தினம் சான்றிதழை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உள்ளே சுறா வறை வாசனை. இலை போட்டிருந்தது. சந்தில் செய்தி அவருக்கு முன்னால் வந்துவிட்டிருக்க வேண்டும், அல்லது நான் சொல்லியிருக்க வேண்டும்.

"இஞ்சருங்கோ, புராணம் முடிஞ்சுதோ?" என்று இராசேஸ்வரி கேட்பது சுவர் வழியே கேட்டது.

"ஓம்."

"வாழி வரைக்குமோ?"

இலையின் முன்னால் அவர் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "எப்ப தொட்டுத் தெரியும்?" என்றார்.

"சாப்பிடுங்கோ, ஆறிப்போகும்" என்றாள் அவள்.

மூன்றாம் வாரம் மாமனார் வந்து இறங்கினார். கண்ணை அறுத்தார்கள். அந்தக் காலத்தில் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பையை முட்டுக் கொடுத்து, இரண்டு கண்ணையும் கட்டி, பத்து நாள் அசையாமல் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். தினமும் காலையில் ஜெயரத்தினம் கட்டை மாற்றினார். புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டை. முதல் நாள் நான் கிண்ணத்தைப் பிடித்திருந்தேன். அவர் கையில் பஞ்சைப் பிடித்திருந்த குறடு கிண்ணத்தின் விளிம்பில் டக் டக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. கண்ணுக்குக் கட்டுவது சந்தில் கட்டிக்குக் கட்டுவதைப் போல இல்லை. மாமனாரோ, மருமகன் இங்கே பதினேழு வருஷமாக டிரெஸ்ஸர் என்று பக்கத்துக் கட்டிலுக்கும் எதிர்க் கட்டிலுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் கட்டை முழுக்க எடுத்தாகிவிட்டது. கிழவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மருமகனை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினார்.

"தம்பி, முதல் நாள் உம்மட கை நடுங்கினது. பதினேழு வருசம் இந்த வேலை செய்த கை அப்பிடி நடுங்காது."

ஜெயரத்தினம் குறட்டைக் கீழே வைத்தார்.

"இண்டைக்கு நடுங்கேல்லை" என்றார் கிழவர். "ஊரில நான் இண்டையைப் பற்றித்தான் சொல்லுவன்."

அதற்குப் பிறகு ஜெயரத்தினம் பதினோரு வருஷம் டிரெஸ்ஸராக இருந்தார். நல்ல டிரெஸ்ஸர். கட்டு அவிழாது, காயம் சீழ் பிடிக்காது. மண்டை உடைந்து வருகிறவர்களை உடனே கவனித்துவிடுவார். கால் முறிந்து வருகிறவர்கள் மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது.