வீசம் வெந்தயம்

மாஸ்டரின் இடது உள்ளங்கையில், கட்டைவிரலை ஒட்டி, ஒரு சின்னக் குழி உண்டு. கொதிக்கிற சாம்பாரில் கரண்டியை விட்டு, அந்தக் குழியில் இரண்டு சொட்டு ஊற்றி, ஒரு ஊது ஊதி, நக்குவார். பிறகு முகட்டைப் பார்த்தபடி கொஞ்சம் நிற்பார். அடுப்படியில் இருக்கிற பத்துப் பேரும் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். "சரி" என்பார். அதோடு வாளிகள் நகரும். ஒரு மனிதன் தன் கையை நக்குவதற்காக இத்தனை பேர் மூச்சைப் பிடித்து நிற்பதை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை. கோயில்களில்கூட யாராவது பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய சங்கதி. தென்காசியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சைவ ஓட்டலின் முதலாளி, சீசனை முன்னிட்டுக் குற்றாலத்திலும் ஒரு கிளை திறந்தார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். இரண்டு கடைக்கும் ஒரே ருசி வேண்டும், மாஸ்டரோ ஒருவர்தான். "அவரு ஒரு நாள் படுத்துட்டா கட படுத்துரக் கூடாது பாத்துக்கிடுங்க" என்று சொல்லி, சமையல் குறிப்புகள் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற என்னைப் பிடித்தார். இத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று தட்டினால், இன்ன சாமான் இவ்வளவு என்று சீட்டு வந்துவிட வேண்டும். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. படித்தது நிறைய, செய்து முடித்தது குறைவு என்று என்னைப் பற்றி வீட்டில் ஒரு கருத்து நிலவியது. இந்த வேலை அதை மாற்றும் என்று நம்பினேன்.

சமையல்காரர்கள் அளவு சொல்லமாட்டார்கள், ஒரு சிட்டிகை, ஒரு கை, கண்ணளவு என்று கதை விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். மாஸ்டர் அப்படியல்ல. கைப்பக்குவம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு எரிச்சல் வரும். "பக்குவம் கையில இல்ல தம்பி, தராசுல இருக்கு" என்பார். சாம்பார் பொடிக்கு அவர் சொன்ன கணக்கு எனக்கு இன்றும் மனப்பாடம். ஒரு கிலோ மிளகாய் வத்தலுக்கு மல்லி ஒண்ணேகால், மிளகு அரைக்கால், வெந்தயம் வீசம். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, வீசம் என்றால் பதினாறில் ஒன்று. வெந்தயத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார். "வீசத்துக்கு மேல ஒரு மணி போனாலும் அது சாம்பார் இல்ல, கசாயம்."

நான் அதை 0.0625 என்று சரியாகத்தான் தட்டினேன். ஆனால் அளவுக் கட்டத்தை உண்டாக்கியபோது, புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு இலக்கம் போதும் என்று வைத்திருந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டில் பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான். நீளமான எண்கள் கட்டத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றது என் கண்ணுக்கு உறுத்தியது. கம்ப்யூட்டர் நான் சொன்னபடியே நடந்தது. ஒண்ணேகாலை ஒன்று புள்ளி மூன்றாக்கியது. அரைக்காலைக் குறைத்துப் புள்ளி ஒன்றாக்கியது. வீசத்தை உயர்த்தி அதையும் புள்ளி ஒன்றாக்கியது. மிளகும் வெந்தயமும் தலைக்கு நூறு கிராம் என்று சரிசமமாக நின்றன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மில்லில் இருந்தவர் சீட்டைப் பார்த்து நிறுத்தார், அரைத்தார். இரண்டு கடைக்கும் சேர்த்து இருபது நாளைக்கான பொடி டின்களில் வந்து இறங்கியது.

சீசன் களைகட்டி, சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம். குற்றாலக் கடையில் புது டின் உடைத்த முதல் நாள், மாஸ்டர் தென்காசியிலிருந்து வந்து சேருமுன்பே வாளிகள் நகர்ந்துவிட்டன. புளியங்குடியிலிருந்து வாடிக்கையாக வரும் எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் ஒருவர் பாதி இலையில் எழுந்து வந்து, "அண்ணாச்சி, சாம்பாருல என்னத்தப் போட்டிய? வயித்துவலி மருந்து மாரில்லா இருக்கு" என்றார். அன்று பார்த்து, என் கம்ப்யூட்டரைக் காட்டுவதற்காக வேறு இரண்டு ஓட்டல்காரர்களை அண்ணாச்சி கூட்டி வந்திருந்தார். மாஸ்டர் வந்து இறங்கியதும் அழைத்து, எல்லோர் முன்னாலும் கரண்டியை நீட்டினார். மாஸ்டர் குழியில் ஊற்றினார், ஊதினார், நக்கினார். முகட்டைப் பார்த்தார்.

"இது எம் பொடி இல்ல" என்றார்.

"ஒம்ம பொடிதாம்வே. நீரு சொன்ன கணக்கு. கம்ப்யூட்டர்ல கெடக்கு."

"வெந்தயம் கூடிட்டு அண்ணாச்சி. நாஞ் சொன்னது வீசம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, வீசம்னுதான போட்டிருக்கு?"

நான் திறந்து பார்த்தேன். புள்ளி ஒன்று என்று கிடந்தது. என்ன நடந்திருக்கிறது என்று புரிய எனக்கு இரண்டு வினாடிகூட ஆகவில்லை. பிறர் விஷயத்தில் மந்தமான என் மூளை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் விஷயத்தில் எப்போதும் சுறுசுறுப்பு. பின்னால் இரண்டு ஓட்டல்காரர்கள் நின்றார்கள். அண்ணாச்சி அவர்களிடம் என்னை சார் என்று சொல்லியிருந்தார்; அதற்கு முன் என்னை யாரும் சார் என்று சொன்னதில்லை.

"வீசந்தான் மாஸ்டர்" என்றேன். "எல்லாம் நீங்க சொன்னபடி சரியா இருக்கு."

அண்ணாச்சி சிரித்தார். "அப்பொ பொடி சரி. நாக்குல்லா செத்துட்டு ஒமக்கு." புரோட்டா போடுகிறவர் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். "மாஸ்டருக்கு இனி சாம்பாரும் சுக்குக் காப்பியும் ஒண்ணுதாம்லே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வருமே என்றுதான் சிரித்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். உண்மையில் அந்தச் சுக்குக் காப்பி நல்ல நகைச்சுவை.

கட்டத்தை உடனே திருத்தி, பொடியைப் புதிதாக அரைக்கச் சொல்லியிருக்கலாம். திருத்தினால் மறுநாள் பொடி வேறு மாதிரி அரைபடும், சாம்பார் மாறும், குற்றவாளி யார் என்று சாம்பாரே சொல்லிவிடும். இருக்கிற டின்கள் தீரட்டும், அடுத்த அரைப்பில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று ஒத்திப்போட்டேன். இருபது நாள்தானே. அந்த இருபது நாளில் ஒரு மனிதருக்கு என்ன ஆகிவிடும் என்று நான் கணக்குப் போடவில்லை.

முதலில் அவர் வாதாடினார். பிறகு தென்காசியில் ஒரு டாக்டரிடம் போய் நாக்கைக் காட்டிவிட்டு வந்தார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்திருந்தார். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மாத்திரை கொடுத்தார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். "மாஸ்டர், எங்க, நாக்க நீட்டுங்க பாப்போம்" என்று காலையில் ஒருவன், மத்தியானம் ஒருவன். ஐம்பத்தெட்டு வயதுக்காரர், சில சமயம் நிஜமாகவே நீட்டிக் காட்டினார். எதற்கும் இன்னொரு கண் பார்க்கட்டுமே என்று நினைத்திருப்பார்.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, சாயங்காலத் தேநீரில் அவர் டம்ளரில் மட்டும் யாரோ சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் கண்ணைக் காட்டினார்கள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். "உப்பா இருக்கே?" என்றார் மெதுவாக. புரோட்டாக்காரர் தன் டம்ளரை உறிஞ்சிவிட்டு, "நல்லாத்தான இருக்கு" என்றார். மாவு ஆட்டுகிற அம்மாவும் நல்லாத்தான் இருக்கு என்றார். கேலி பேசாத ஆள் அங்கே நான் ஒருவன்தான் என்று மாஸ்டர் நம்பியிருந்தார் போலும். என்னைப் பார்த்தார். நான் என் டம்ளரை ஒரு வாய் குடித்தேன். நல்ல தேநீர், ஏலக்காய் போட்டது.

"நல்லா இருக்கு மாஸ்டர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அந்த உப்புத் தேநீரை நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. இனிமேல் வரமாட்டேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

டின்கள் தீர்ந்ததும் கட்டத்தில் புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் வைத்தேன். எல்லா அளவையும் திரும்பத் தட்டினேன். புதுப் பொடி வந்தது. புளியங்குடிக்காரர் இரண்டு தரம் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "மாஸ்டரு போனதும் சாம்பாரு தேறிட்டு பாத்தியளா" என்றார் அண்ணாச்சி. நான் செய்த திருத்தமே அந்த மனிதருக்கு எதிரான கடைசிச் சாட்சியாகப் போய் நின்றது. நான் எழுதிய மென்பொருள்களில் இவ்வளவு துல்லியமாக வேலை செய்தது வேறு எதுவும் இல்லை. அந்த இரண்டு ஓட்டல்காரர்களும் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். வீட்டில் என்னைப் பற்றிய கருத்தும் கொஞ்சம் மாறியது.

போன மாதம் இலஞ்சிக் கோயிலில் ஒரு கல்யாணம். மாஸ்டர் அதே ஊர்தான் என்பதால் அவரும் வந்திருந்தார். வலியக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். ஓட்டலை விட்ட பிறகு எங்கும் சமைக்கப் போகவில்லையாம், ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருக்கிறாராம். வீட்டில் சமையல் அவர் மனைவிதான். இலை போட்டு அந்த அம்மா சாம்பார் ஊற்றினார். அதே சாம்பார். வெந்தயம் வீசம், ஒரு மணி கூடவில்லை. மாஸ்டர் ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டு மனைவியைக் கேட்டார்: "ஏட்டி, உப்பு சரியா இருக்கா?" தினமும் கேட்கிற குரலில் கேட்டார். "இருக்கு, சாப்பிடுங்க" என்றார் அந்த அம்மா, அதேபோலத் தினமும் சொல்கிற குரலில்.

உருட்டிய கவளத்தை இலையிலேயே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம், ஒரு இலக்கம், புள்ளி ஒன்று, ஒத்திப்போட்ட இருபது நாள், தேநீர் டம்ளர். "ஒங்க நாக்கு அன்னைக்கும் சரியாத்தான் இருந்தது மாஸ்டர். தப்பு பூரா என்னுது" என்றேன். கண்ணீர் ஏதாவது வருமோ என்றுகூட உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

மாஸ்டர் சிரித்தார். வாய் நிறையச் சோற்றோடு, நல்ல சிரிப்பு. "தம்பி அன்னைலேருந்தே இப்பிடித்தான். எம் மனசு நோகக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தம்மேல போட்டுக்கிடுதாரு பாத்தியா" என்று மனைவியிடம் சொன்னார். "கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லுமா தம்பி? நானே குடிச்சுப் பாத்தம்லா. அத்தன பேருக்கு இனிச்சது எனக்கு மட்டும் உப்பா இருந்துச்சே." அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் கையை ஆட்டித் தள்ளினார். நல்ல மனுசன், நல்ல மனுசன் என்று சொல்லிக்கொண்டே என் இலையைக் காட்டி, "சாருக்கு இன்னுங் கொஞ்சம் சாம்பாரு ஊத்து" என்றார்.

அந்த அம்மா ஊற்றுவதற்குக் குனிந்தபடிதான் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கரண்டியில் எடுத்ததைத் திரும்பவும் வாளிக்குள் கவிழ்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் வாளியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. மாஸ்டர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.