அக்கா இழுத்துப் பார்த்த கொக்கி

என் அக்காவுக்கு உடைப்பதுதான் உத்தியோகம். மாமா வீட்டார் முதன்முதலாக அக்காவைப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்து பேச்சுவாக்கில் "பொண்ணு என்ன வேலை பாக்குறா?" என்று கேட்டபோது, அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் "இரும்பு உடைக்கிறா" என்று சொல்லிவிட்டாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரைப் பிடித்துப்போனது என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

அம்மா சொன்னதில் பொய்யில்லை. போர் விமானத்தின் இறக்கைக்கு அடியில் குண்டுகள் தொங்குவதை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிற தாங்கியைக் கவனித்திருக்க மாட்டீர்கள். யாரும் கவனிப்பதில்லை, அதைச் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் நிரந்தர வருத்தம் உண்டு. நீளமான ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு கொக்கிகள், குண்டு ஆடாமல் இருக்க இருபக்கமும் அழுத்திப் பிடிக்கிற கைகள். விமானம் சட்டென்று வளைந்து திரும்பினால் குண்டின் கனம் பல மடங்காகிவிடும். அப்போது கொக்கி விட்டுவிட்டால் அது யார் வீட்டுக் கூரையில் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் தாங்கி பறப்பதற்கு முன் அதைச் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். தாங்கியை வரைவது என் வேலை. இழுத்துப் பார்ப்பது அக்காவின் வேலை. ஒரே வளாகத்தில் எதிரெதிர்க் கட்டடங்கள்.

இழுப்பதற்கு ஒரு விதி இருக்கிறது. பறக்கும்போது வரக்கூடிய மிகப் பெரிய சுமையைக் கணக்கிட்டு, அதற்கு மேல் பாதியும் சேர்த்து இழுக்க வேண்டும். அந்தச் சுமையில் மூன்று நொடி தாங்கினால் தேர்ச்சி. தாங்கிவிட்டதே என்று அதோடு விட மாட்டார்கள். உடையும்வரை இழுப்பார்கள். எங்கே, எந்தச் சுமையில் உடைகிறது என்று தெரியாவிட்டால் அக்காவுக்குத் தூக்கம் வராது. இழுக்கிற எந்திரமான ஜாக்கை இயக்கும்போது "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள். கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'இன்னுங்கொஞ்சம்'. அது அவளுக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

சிறு வயதிலிருந்தே இந்தப் புத்திதான். பூங்காவில் ஊஞ்சல் கண்டால் மற்ற பிள்ளைகள் ஏறுவார்கள். இவள் முதலில் சங்கிலியைப் பிடித்துத் தொங்குவாள். நான் செய்த மரவண்டியின் மேல் ஏறி நின்று அதை இரண்டாக்கி, "பாத்தியா, இங்கதான் வீக்கா இருந்துது" என்று காட்டினாள். நான் அழுதேன். மறுபடி செய்தேன். மறுபடி ஏறினாள். நான் வடிவமைப்பாளன் ஆனதற்கு என் மதிப்பெண்களைவிட இவளுடைய பாதங்களே காரணம் என்று மாமா சொல்லுவார்.

சோதனைக்கூடத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஜாக்கை இயக்கும் மேசைக்கு முன்னால். எவர் வேண்டுமானாலும் அதில் உட்கார்ந்துவிட முடியாது. தேர்வு எழுதி, பெரியவர்கள் முன்னால் இழுத்துக் காட்டி, கையெழுத்துப் போடும் உரிமை வாங்கியவர்கள்தான் உட்காரலாம். அக்கா அந்த உரிமையைக் கைக்குழந்தையோடு படித்து வாங்கினாள். வீடு, நகை எதைப் பற்றியும் பெருமை பேசாதவள், அந்த நாற்காலியைப் பற்றி மட்டும் பேசுவாள். "நான் சரின்னு சொன்னாத்தான் அது பறக்கும்டா" என்பாள். சொல்லும்போது முதுகு தானாக நிமிரும்.

நான் முழுக்க முழுக்க என் கையால் வடிவமைத்த முதல் தாங்கி அவளிடம் சோதனைக்குப் போனது. அம்மா அன்று காலை அக்காவை வாசலில் நிறுத்தி, "தம்பி செஞ்சதுடி, பாத்து மெதுவா இழு" என்றாள். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய நகைச்சுவை கிடையாது. அக்கா சிரிக்காமல் "சரிம்மா" என்றாள்.

வழக்கமாகத் தாங்கியை இரும்புச் சட்டத்தில் தலைகீழாகத்தான் மாட்டுவார்கள். கொக்கிகள் வானத்தைப் பார்த்து இருக்கும். அவற்றில் குண்டுக்குப் பதிலாகக் கனத்த இரும்பு டம்மி ஒன்றைப் பூட்டி, ஜாக்கால் மேல்நோக்கி இழுப்பார்கள். எனக்கோ என் தாங்கி விமானத்தில் எப்படித் தொங்குமோ அப்படியே தொங்குவதைப் பார்க்க ஆசை.

"அக்கா, ஒரே ஒரு தடவை நேரா மாட்டச் சொல்லேன். பாக்கணும்போல இருக்கு."

"மாட்டினா என்ன, எப்படி இழுத்தாலும் இழுவை இழுவைதான்" என்று சொல்லி நேராகவே மாட்டச் சொன்னாள். வேலையில் அவள் எனக்குக் காட்டிய ஒரே சலுகை அது. இம்முறை ஜாக் தரையிலிருந்து கீழ்நோக்கி இழுத்தது. முழுச் சுமைக்கு வந்தது. ஒரு நொடி. இரண்டு. மூன்றாவது முடிவதற்குள் வெடிச்சத்தம். முன்கொக்கி இரண்டு துண்டு.

என் முகத்தில் ஈயாடவில்லை. பிரிவுத் தலைவர் நல்ல மனிதர். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"கிட்டத்தட்ட மூணுதானேம்மா? மூணுன்னே வச்சுக்கலாமே."

"மூணு ஆகல சார்" என்றாள் அக்கா. "உடைஞ்சிருச்சு. தேறல."

அவ்வளவுதான். தம்பி, தங்கக்கட்டி எல்லாம் வீட்டோடு. நான் அதன்பிறகு அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில் அவள் மாடியில், நான் கீழே. படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவேன். அதற்காக இப்போதும் நான் வெட்கப்படவில்லை. என் இடத்தில் இருந்தால் நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். கொக்கியைத் தடிமனாக்கி, அதைத் தாங்குகிற பெட்டியையும் தடிமனாக்கி, புதிய தாங்கி செய்தேன். அழகே இல்லாத தடியன். தலைகீழாக மாட்டி இழுத்தார்கள், அலட்டிக்கொள்ளாமல் தேறிவிட்டது. எல்லோருக்கும் திருப்தி. மனசுக்குள் எனக்கு மட்டும் அந்த முதல் தாங்கி ஏன் உடைந்தது என்று புரியவே இல்லை. என் கணக்கில் அது உடைந்திருக்கக் கூடாது.

இதற்கிடையில் ஒருநாள் அக்கா கடைக்கு எண்ணெய் வாங்கப் போயிருக்கிறாள். வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரம் கொண்டுபோவது அவள் பழக்கம். கடைக்காரர் வெறும் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, எண்ணெயை ஊற்றி, "பாத்திரத்தக் கழிச்சிட்டேம்மா" என்றாராம். அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் நின்றவர் "கொஞ்சம் நகருங்க" என்று சொன்னபிறகும் நகரவில்லையாம். எண்ணெய்ப் பாத்திரத்தோடு நேராகச் சோதனைக்கூடத்துக்கே போய்விட்டாள்.

விஷயம் இதுதான். தலைகீழாக மாட்டி மேல்நோக்கி இழுக்கும்போது, டம்மியின் கனத்தையும் சேர்த்து ஜாக் தூக்க வேண்டும். அதனால் இழுக்கவேண்டிய சுமையோடு டம்மியின் எடையைக் கூட்ட வேண்டும். நேராகத் தொங்கவிட்டால் டம்மி தானாகவே கொக்கியை இழுத்துக்கொண்டிருக்கும். அப்போது அதன் எடையைக் கழிக்க வேண்டும். எத்தனையோ தாங்கிகளைத் தலைகீழாகவே மாட்டி மாட்டி, கூட்டுவது அவள் கைக்குப் பழகிவிட்டது. அன்றும் கூட்டிவிட்டாள். கழிக்கவேண்டியதைக் கூட்டினால் பிழை இரட்டிப்பு. என் கொக்கி தன் பங்குக்கு மேல் இரண்டு டம்மிகளின் கனத்தைச் சுமந்துகொண்டுதான் உடைந்திருக்கிறது.

இது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. புதிய தாங்கி தேறிவிட்டது; பழையதை எல்லோரும் மறந்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம். மறுநாள் காலை, கூட்டத்தில், என்னையும் வைத்துக்கொண்டே எழுந்து நின்று சொன்னாள்.

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. புதுசு கனமா, கெட்டியா இருக்கு. கெட்டியா இருந்தா நல்லதுதானே? இத ஏன் இப்போ கிளறணும்?"

"கெட்டி சும்மா வரல சார். ஒவ்வொரு தாங்கியிலயும் அந்த அதிகப்படி கனம் இருக்கு. ஒவ்வொரு தடவை மேல போறப்பவும் விமானி அதைத் தூக்கிட்டுப் போகணும். அந்த அளவுக்கு எரிபொருள் கம்மியா எடுத்துட்டுப் போகணும். தப்பு பண்ணினது நான். அவர் ஏன் சுமக்கணும்?"

"தப்புன்னு பதிவாச்சுன்னா உங்க உரிமைய நிறுத்தி வைக்கணும். தெரியும்ல? மறுபடி தேர்வு, மறுபடி எல்லாம். அதுவரைக்கும் அந்த நாற்காலில உட்கார முடியாது."

"தெரியும் சார்."

கூட்டம் முடிந்து வராந்தாவில் அவளைப் பிடித்தேன். நாங்கள் பேசாமலிருந்த காலத்துக்கு அதோடு முற்றுப்புள்ளி.

"உனக்கென்ன பைத்தியமா? யாரு கேட்டா உன்ன?"

"உன்னோட கொக்கி தேறலன்னு சொன்னேன்ல? அது தப்பா சொல்லிட்டேன்டா. திருப்பிச் சொல்ல வேணாமா?"

"நாற்காலி போயிரும்க்கா!"

"போகட்டும். மறுபடி எழுதிக்கிறேன். போன தடவை இடுப்புல குழந்தையோட எழுதினேன், இப்போ அவன் தானா சாப்பிடுறான், இன்னும் சுலபம்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதை நான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் வடிவத்தில் செய்து ஓரமாகக் கிடந்த தாங்கி இன்னொன்று இருந்தது. அதை மறுபடி இழுப்பது என்று முடிவானது. இப்போதும் உடைந்தால், அக்கா நாற்காலியை வீணாகத் தொலைத்தவள் ஆவாள். தன் தம்பியின் மானத்தைக் காப்பாற்றக் கதை கட்டினாள் என்றுகூட யாராவது சொல்லக்கூடும். அப்படி ஒரு முணுமுணுப்பு ஏற்கெனவே கிளம்பியிருந்தது. அது என் காதுக்கே வந்ததென்றால் அவள் காதுக்கும் வந்திருக்கும்.

சோதனையன்று அக்காவின் நாற்காலியில் அவளிடமே தொழில் பழகிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா பார்வையாளர்களோடு பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கணக்கை மூன்று பேர் தனித்தனியாகப் போட்டுச் சரிபார்த்தார்கள். ஜாக் முனகத் தொடங்கியது. திரையில் எண்கள் ஏறின. நான் தாங்கியைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொல்லியிருப்பாள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

முழுச் சுமை. ஒன்று. இரண்டு. மூன்று.

தாங்கிவிட்டது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. என் முதுகில் விழுந்த தட்டுகளில் ஒன்று உண்மையிலேயே வலித்தது. நாற்காலிப் பெண் மட்டும் கைதட்டவில்லை; உடையும்வரை இழுக்க வேண்டுமே. கைதட்டல் அடங்கியதும் மறுபடி எண்கள் ஏறின. கொஞ்சம், இன்னும் கொஞ்சம். வெடிச்சத்தம். முன்கொக்கி, அதே இடத்தில், இரண்டு துண்டு.

அந்தப் பெண் திரையில் நின்றுபோன எண்ணைப் படித்தாள். அதிலிருந்து முழுச் சுமையைக் கழித்தாள். மறுபடி கழித்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ரெண்டு டம்மி வெயிட் சார். மேடம் சொன்னது அப்படியே இருக்கு."

முணுமுணுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். அவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்றவர்களும் எழுந்தார்கள். யாரும் எழச் சொல்லவில்லை. கடைசியாகத் தலைவரும் எழுந்து, அக்கா முன்னால் வருவதற்கு வழி விட்டு ஒதுங்கினார். அக்காவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. முகமெல்லாம் சிவந்து, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று சொன்னாள்:

"எல்லாரும் ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க. உடைஞ்ச இடத்துல யாரும் கை வச்சிராதீங்க, படம் எடுக்கணும்."

அன்று எனக்குக் கைகொடுத்தவர்கள் நிறையப் பேர். என் கொக்கியைப் புகழ்ந்தார்கள், என் கணக்கைப் புகழ்ந்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், நான் அப்படியொன்றும் அடக்கமானவன் இல்லை. ஆனால் வெளியே வந்ததும் வாயில் காவலாளி "என்ன சார், உள்ள ஒரே சத்தம்? யாரு ஜெயிச்சா?" என்று கேட்டபோது, கொக்கி என் நினைவுக்கே வரவில்லை.

"எங்க அக்கா" என்றேன்.